கெண்டியோடு வரும் தண்ணீர்

வடிவம்மாளின் கெண்டியைக் கேட்டு வராத வீடு தென்காசியில் அந்தத் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. அதே வடிவம்மாளை, "நீயும் வந்து முன்னால நில்லு" என்று கூப்பிட்ட வீடும் ஒன்றுகூடக் கிடையாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கானாலும் வயிறு எரியும். அந்தத் தெருவில் யாரும் அப்படி வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கெண்டி என்றதும் கை கழுவ வைக்கிற ஏதோ மூக்குச் செம்பு என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல வெண்கலம். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். வயிற்றைச் சுற்றி வரிவரியாக அலை. அலைக்குள் ஜோடி ஜோடியாகக் கெண்டை மீன்கள். அதற்கு மேலே தாமரை இலையும் அன்னமும். தண்ணீர் வருகிற மூக்கு ஒரு மகரத்தின் வாய். யானைத் துதிக்கை, முதலைப் பல், மீன் வால் என்று கோயில் தூணில் இருக்குமே, அந்த மகரம். மூடி ஒரு தாமரை மொட்டு. கைப்பிடிதான் எல்லாவற்றிலும் விசேஷம். ஒரு பெண் வளைந்து நிற்பாள். அவள் கூந்தல் முதுகில் இறங்கி இறங்கி ஆறாகவே ஓடி, கெண்டியின் தோளில் அலையோடு கலந்துவிடும். செய்தவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருந்த அவள் அப்பா, கொல்லத்துக்குத் தேங்காய் லோடு கொண்டுபோன இடத்தில், இடிந்துபோன ஒரு பெரிய வீட்டுச் சாமான்களோடு சாமானாக அதைப் பார்த்து வாங்கி வந்தார். அந்தப் பக்கத்தில் கிண்டி என்பார்களாம். மகள் கல்யாணத்துக்கு அதைச் சீராகக் கொடுத்தார். கைப்பிடியில் நிற்கிற பெண் யார் என்று தெருவில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கங்கை என்றார்கள் சிலர். சித்திரா நதி என்றார்கள் சிலர். வடிவம்மாள் மட்டும், "இது குத்தாலத்துக் குழல்வாய்மொழி அம்மன். கூந்தலைப் பாத்தாலே தெரியலையா?" என்று முடித்துவிட்டாள். அம்மன் பேரில் இருப்பது ஊதுகிற குழல், கூந்தல் இல்லை என்று கோயில் ஓதுவார் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "ஊதுத குழலோ, சீவுத குழலோ, அம்மன் அம்மன்தானே!" என்றாள். பிறகு மகள் பிறந்ததும் அந்தப் பேரையே வைத்தாள்.

கல்யாணத்தில் தாரை வார்க்கிற நேரத்துக்குத்தான் அந்தக் கெண்டி வேண்டும். பெண்ணின் அப்பா மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைப்பார். பெற்றவள் அந்தக் கைகளின்மேல் தண்ணீர் விடுவாள். அந்தத் தண்ணீர் விழுந்தால்தான் பெண் கொடுத்தது கொடுத்ததாகும். வடிவம்மாளின் கல்யாணத்துக்குப் பிறகு தெருவில் இரண்டொரு கல்யாணங்களுக்கு இந்தக் கெண்டி போனது. அதில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரில் உப்பில்லை என்று தொடங்கி, பாட்டனுக்குப் பாட்டன் வரைக்கும் இழுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியேறப் போனார்கள். எப்படியோ சமாதானம் பேசி உட்கார வைத்து, கெண்டித் தண்ணீர் கையில் விழுந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பந்திக்குப் போனார்கள். அன்றிலிருந்து தெருவில் ஒரு பேச்சு. கெண்டித் தண்ணி விழுந்த கல்யாணம் கலையாது.

நல்லது. அப்படியென்றால் வடிவம்மாளுடைய கல்யாணத்திலும் அந்தக் கெண்டித் தண்ணீர்தானே விழுந்தது? எழுபத்திரண்டாம் வருடம் அவள் புருஷன் சுந்தரபாண்டி, மரம் ஏற்றிய லாரியோடு ஆரியங்காவுக் கணவாயில் உருண்டு போய்ச் சேர்ந்தான். மகள் குழல்வாய்மொழி அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. கெண்டிக்கு ராசியிருக்கிறது என்று சொன்ன ஊர், அன்றைக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? கெண்டியாவது மண்ணாவது என்று தூக்கிப் பரணில் போடச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னார்களா? இல்லையே! கெண்டியின் ராசிக்கு ஒரு குறையும் வரவில்லை. வடிவம்மாளின் ராசிதான் சரியில்லையாம். வெண்கலம் தப்பித்துக்கொண்டது, பொம்பளை மாட்டிக்கொண்டாள்.

காரியம் முடிந்த ஈரம் காயவில்லை, எதிர்வீட்டுக்காரி நடையில் வந்து நின்றாள். அவள் வீட்டில் கல்யாணம்.

"வடிவு, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. உன்னைக் கூப்பிடக் கூடாதுன்னு இல்ல. ஊரு வழக்கம் உனக்குத் தெரியாததா? கெண்டியை மட்டும் குடுத்து விட்டுரு."

வடிவம்மாளுக்கு அப்போது கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. புளி போட்டு விளக்கினாள். வெறும் பாத்திரத்தை யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். மோர் வாங்கிய செம்பைத் திருப்பிக் கொடுத்தால்கூட நாலு கருவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்பாள். அதனால் கெண்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, மகரத்தின் வாயை ஒரு வெற்றிலையைச் சுருட்டி அடைத்து, மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டாள். எதிர்வீட்டில் அந்தத் தண்ணீரையே விட்டுத் தாரை வார்த்தார்கள்.

அதுதான் தொடக்கம். அப்புறம் கெண்டி கேட்கிறவர்கள் தண்ணீரையும் சேர்த்தே எதிர்பார்த்தார்கள். வடிவம்மாளும் சும்மா கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அனுப்ப மனம் வராமல், கைப்பிடியில் நிற்கிற அம்மனுக்கு அம்மன் ஊர்த் தண்ணீர்தான் என்று, கல்யாணத்தன்று விடிகிற பஸ்ஸில் குற்றாலம் போய், பேரருவியில் ஒரு பித்தளைக் குடம் மோந்து வர ஆரம்பித்தாள். துணைக்கு ஜாஹிரா பீவி வருவாள். தெருமுனையில் நூலும் பித்தானும் ஊக்கும் விற்கிற கடை ஜாஹிரா பீவியுடையது. வடிவம்மாள் தன் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள். அந்த வகையில் பழக்கமாகி, அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டார்கள்.

சீசன் நாளில் அருவியில் தண்ணீர் பிடிப்பது லேசான காரியம் இல்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து, உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசிக்கொண்டு, தலைக்குச் சீயக்காயும் மேலுக்குச் சோப்பும் போட்டு நுரையைப் பொங்க விடுவார்கள். "ஏட்டி, அங்கிட்டுத் தள்ளுங்க. உங்க அழுக்கையா நான் கல்யாணத்துக்குக் கொண்டு போகணும்?" என்று வடிவம்மாள் போடுகிற சத்தத்தில் கூட்டம் தானாக விலகும். ஜாஹிரா பீவி, "இந்த வாயை உங்க தெருவுல கொஞ்சம் திறக்கலாம்லா?" என்பாள்.

தெருவில் அவள் வாய் திறக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்த ஜாக்கெட் தைப்பது வடிவம்மாள். கழுத்து எப்படி வெட்டினால் நகை எடுக்கும் என்று பெண்களே அவள் மடியில் வந்து விழுவார்கள். தண்ணீர் அவள் கொண்டுவந்தது. கெண்டி அவளுடையது. இத்தனையும் மணவறைக்குப் போகும். அவள் மட்டும் போகக் கூடாது. தைத்த கை ஆகும், மோந்த கை ஆகும், முன்னால் வந்து நிற்கிற கைதான் ஆகாது! இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று தெரிந்தால் நாலு கேள்வி கேட்கலாம்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் மகளுக்கு ஒரு நாள் வரும். அன்றைக்குத் தண்ணீரைத் தான் விட வேண்டும். பூ வேண்டாம், குங்குமம் வேண்டாம், பட்டுச் சேலை வேண்டாம். மகள் கையில் விழுகிற தண்ணீரைத் தன் கையால் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். இத்தனை வருடம் இத்தனை பேருக்கு முகம் சுளிக்காமல் செய்தோமே, அன்றைக்கு ஊர் நமக்காக ஒரு வார்த்தை பேசாதா என்று நம்பினாள்.

அந்த நம்பிக்கையில் முதல் ஓட்டை விழுந்தது சுந்தரபாண்டியின் அண்ணன் மந்திரமூர்த்தி வீட்டில். அவர் மகள் கல்யாணம். சொந்தக் கொழுந்தன் பொண்டாட்டி அல்லவா, முன்னால் நிற்கச் சொல்லாவிட்டாலும் கூடத்திலாவது உட்காரச் சொல்வார்கள் என்று வடிவம்மாள் நினைத்தாள். உக்கிராண அறையில் உட்கார்ந்து தேங்காய் துருவச் சொன்னார்கள். அரிசி மூட்டைக்கும் காய்கறிக் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்து துருவினாள். வெளியே கெட்டிமேளம் கொட்டியபோது துருவிப் பல்லில் கை பட்டு ரத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மந்திரமூர்த்தியின் மனைவி ஆவுடைத்தாய் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வடிவு, கெண்டியோட குத்தாலத்துத் தண்ணியும் வந்துருச்சு பாத்துக்க, எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. என்ன குளிர்ச்சி! என்ன வாசம்!"

கெண்டியோட வந்துருச்சாம். கெண்டிக்குக் கால் முளைத்து, அதுவே விடிகிற பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுத்து, அருவியில் இறங்கி மோந்துகொண்டு வந்ததாக்கும்! வடிவம்மாள் விரலை வாயில் வைத்து ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு ஆவுடைத்தாயையே பார்த்தாள். அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு மண்டையில் உறைத்தது.

சாயங்காலம் பித்தான் கடையில் போய்ப் பொரிந்து தள்ளினாள்.

"அக்கா, நான் தொட்டா ஆகாதுங்காங்களே, நான் நிறைச்ச தண்ணி மட்டும் எப்படி ஆகுது?"

"எங்கிட்ட கேட்டா?" என்றாள் ஜாஹிரா பீவி. "உங்க சாமி, உங்க கெண்டி, உங்க தண்ணி. அவங்கட்டல்லா கேக்கணும்."

"கேட்டா நாளைக்கு எம் மகளுக்கு ஒருத்தரும் வந்து நிக்க மாட்டாங்க."

"இப்ப மட்டும் வந்து நின்னு கிழிச்சிட்டாங்களாக்கும். அடுத்த தடவை கெண்டியைக் கேட்டா இல்லைன்னு சொல்லு."

வடிவம்மாள் அப்படிச் சொல்லவில்லை. ஒன்று பயம். இன்னொன்று, அவளால் விளக்கிச் சொல்ல முடியாத ஒரு வீம்பு. என்னைத்தானே உள்ளே உட்கார வைக்கிறீர்கள், நான் மோந்த தண்ணீர் நடு மணவறையில் விழுகிறது பாருங்கள் என்று ஒரு வீம்பு. அதற்காகவே இன்னும் கவனமாக விளக்கினாள். மீன் செதிளுக்குள் கரிபடியாமல் ஈர்க்குச்சி விட்டுத் தேய்த்தாள். வாய்விட்டுச் சொல்ல முடியாதவளுக்கு அதுதான் முடிந்தது.

எண்பத்தாறில் குழல்வாய்மொழிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை குத்தாலிங்கம், ஆய்க்குடி. செங்கோட்டையில் உரக்கடை வைத்திருந்தான். அமைதியான பையன். அவன் தாயார் அகிலாண்டம் மூத்த மகனுக்குப் பெண் எடுத்ததும் வடிவம்மாள் தெருவில்தான். அந்தக் கல்யாணத்துக்கும் இதே கெண்டி போயிருந்தது. மூத்த மருமகள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருந்தாள். "அந்தக் கெண்டி வீட்டுப் பொண்ணா? அப்ப கண்ணை மூடிக்கிட்டுச் செய்யலாம்" என்று அகிலாண்டம் சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். வடிவம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நிச்சயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், நல்ல நேரமாகப் பார்த்து மந்திரமூர்த்தியிடம் பேச்சை எடுத்தாள்.

"அத்தான், பொண்ணைக் கையைப் பிடிச்சு நீங்க குடுங்க. அவ அப்பா இருந்து செய்யுத மாதிரி. தண்ணி மட்டும் நான் விடுதேன்."

மந்திரமூர்த்தி கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். "உனக்கு என்ன, புத்தி கித்தி கெட்டுப் போச்சா? அது சுமங்கலி செய்யுத காரியம். நாங்க ரெண்டு பேரும் மணையில உக்காருதோம். ஆவுடை தண்ணி விடுவா. மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"அவங்களைக் கேட்டுப் பாத்தீங்களா?"

"இதெல்லாம் கேக்கக்கூடிய காரியமாட்டி? கேட்டாலே அசிங்கம்."

ஆவுடைத்தாய் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டாள். "எனக்கு மட்டும் ஆசையா வடிவு, உன் இடத்துல வந்து நிக்கணும்னு? உம் மக நல்லா இருக்கணும்னுதானே சொல்லுதோம்."

இந்த ஒரு வார்த்தையில்தான் அத்தனை பெண்களின் வாயையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். உம் மக நல்லா இருக்கணும். இதற்கு மேல் பெற்றவள் என்ன பேசுவாள்? பேசினால் மகள் கெட்டுப்போகட்டும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? நாளைக்கு மகளுக்கு ஒரு தலைவலி வந்தாலும், அன்றைக்கே சொன்னோமே என்று இவள் தலையில் கட்டிவிட மாட்டார்களா? அவளுக்குள்ளும் அந்தப் பயம் ஒரு மூலையில் கிடந்தது. அதை அவளே ஒத்துக்கொண்டாள். இருபத்தொன்பது வயதிலிருந்து தினமும் ஒருத்தியிடம் நீ ஆகாதவள், ஆகாதவள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவளுக்கே சந்தேகம் வராதா? அந்தச் சந்தேகத்தைத் தனக்குள் போட்டுவைத்தவர்கள்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

குழல்வாய்மொழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பா தெருத் தாண்டியதும் வெடித்தாள். "நீ தண்ணி விடலைன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

"வாயை மூடுட்டி! கூறு கெட்டவளே. நல்ல காரியத்துல பேசுத பேச்சா இது?"

அதட்டிவிட்டாளே தவிர, அடுப்படியில் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகள் பேசிய பேச்சு வயிற்றில் பால் வார்த்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூடத் தனக்கு உரிமை இல்லையே என்றும் இருந்தது.

ஆவணியில் முகூர்த்தம். இலஞ்சிக் கோயில் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். சாரல் ஓய்ந்து குற்றாலத்தில் கூட்டம் வடிந்திருந்தது. வடிவம்மாள் வழக்கம்போல விடிகிற பஸ்ஸில் ஜாஹிரா பீவியோடு போய்க் குடத்தை மோந்துகொண்டு, அங்கிருந்து நேராக இலஞ்சிக்கு வந்து இறங்கினாள். முந்தின நாளே விளக்கி வைத்த கெண்டி சீர்ச் சாமான்களோடு வேனில் வந்திருந்தது. உக்கிராண அறையில் வைத்துத் துணியைப் பிரித்தாள். பளபளவென்று இருந்தது. குடத்தைச் சாய்க்கக் கையெடுத்தாள். ஆவுடைத்தாய் பட்டுச் சேலை சரசரக்க உள்ளே ஓடி வந்தாள்.

"ஏட்டி ஏட்டி! தொடாத! இன்னைக்கு ஒரு நாளைக்கு மணவறைச் சாமான் ஒண்ணுலயும் உங் கை படாம இருக்கட்டும். உம் மகளுக்குச் செய்யுத காரியம்லா? அதை அங்கன வை, நான் எடுத்துக்கிடுதேன்."

வடிவம்மாள் ஆவுடைத்தாயை ஏற இறங்கப் பார்த்தாள். ஊரார் மகள்களுக்குப் பட்ட கை. இவள் பெற்ற மகளுக்கும் சேர்த்துப் பட்ட கை. அப்போதெல்லாம் ஒட்டாத தோஷம் இன்றைக்குத் தன் மகளுக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளுமாம். குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"சரிக்கா. தொடல" என்றாள்.

சூழ்ச்சி ஒன்றும் பண்ணவில்லை. தொடாதே என்றார்கள், தொடவில்லை. ஆவுடைத்தாய் கெண்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவசரத்தில் அது லேசாக இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. கெண்டி என்றால் உள்ளே தண்ணீர் இருக்கும் என்பது அந்தத் தெருவுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

ஜாஹிரா பீவியை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவள் வெள்ளைத் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே சுற்றும் முற்றும் பார்த்தாள். பித்தான் கடைக்காரிக்கு முன்வரிசை. பெற்றவளுக்கு அரிசி மூட்டை. எழுந்து விறுவிறுவென்று உக்கிராண அறைக்கு வந்து வடிவம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு என்ன நாற்காலி வேண்டிக் கெடக்கு? நான் உங்கூட இருக்கேன்."

மணவறையில் மந்திரமூர்த்தி குழல்வாய்மொழியின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். பட்டர் மந்திரம் சொல்லி நிமிர்ந்து, "பொண்ணுக்குத் தாயார் தீர்த்தம் விடலாம்" என்றார். ஆவுடைத்தாய் இரண்டு கையாலும் கெண்டியைத் தூக்கிச் சாய்த்தாள். ஒன்றும் வரவில்லை. வெற்றிலை அடைத்திருக்கும் என்று மகரத்தின் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். வெற்றிலை இல்லை. இன்னும் சாய்த்தாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"தண்ணி இல்லையே!"

"இல்லையா? கெண்டியோட வருமேட்டி!" மந்திரமூர்த்தி மணையில் உட்கார்ந்தபடியே சத்தம் போட்டார். "நேரம் போகுது. யாராவது ஒரு தண்ணி கொண்டாங்களேன்!"

பந்தியில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் யாரோ தண்ணீர் மொண்டுகொண்டு ஓடி வந்தார்கள். ஆவுடைத்தாய் அதை வாங்கி நீட்டினாள். குழல்வாய்மொழி மாப்பிள்ளையின் கைக்குள்ளேயே தன் விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கையைத் திறட்டி" என்றார் பெரியப்பா.

அவள் திறக்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"யாருட்டி இதை வெறுங்கெண்டியா வச்சது?" என்று மந்திரமூர்த்தி கத்திய கத்தலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"நான்தான் அத்தான்."

உக்கிராண அறை வாசலில் வடிவம்மாள் நின்றாள். இடுப்பில் குடம். எல்லாத் தலையும் திரும்பியது.

"எங் கை படக்கூடாதுன்னு அக்கா சொன்னா. படல. இத்தனை வருசமா அது தானா நிறையும்னு நினைச்சீங்களோ? உங்க மக கல்யாணத்துக்கு யாரு நிறைச்சா? நான். இங்கன இருக்கீங்களே, எங்க தெருக்காரவுக, கெண்டி வாங்கிட்டுப் போனவுக, உங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் யாரு நிறைச்சா? நான். அகிலாண்டம் மதினி, உங்க மூத்த மகன் கையில விழுந்த தண்ணியும் நான் குத்தாலத்துல மோந்து, நான் நிறைச்சு, நான் மூடி அனுப்புனதுதான். எங் கை ஆகாதுன்னா அந்தக் கல்யாணம் அம்புட்டும் ஆகாத கல்யாணம். இல்ல, அதெல்லாம் நல்லா இருக்குன்னா எங் கையும் ஆகும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிருங்க. நான் உள்ள போய் உக்காந்துக்கிடுதேன்."

கூட்டத்தில் நாலைந்து பெண்களின் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தாலியைத் தொட்டுப் பார்த்தது. ஒருத்தி தன் புருஷன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று திரும்பித் தேடினாள். மந்திரமூர்த்தியின் மகள், நிறைமாத வயிற்றோடு முன்னால் உட்கார்ந்திருந்தவள், அம்மாவை முறைத்துப் பார்த்தாள். ஆவுடைத்தாய் கையில் டம்ளரும் கெண்டியுமாக நின்றாள்.

"சபையில வந்து பொம்பளை பேசுத பேச்சா இது?" என்று மந்திரமூர்த்தி ஆரம்பித்தார்.

"நீரு சும்மா இரும் அண்ணாச்சி." இது அகிலாண்டம். அவள் எழுந்து நின்றிருந்தாள். கண் மூத்த மருமகள்மேலும் மருமகள் இடுப்பில் இருந்த பேரப்பிள்ளைமேலும் போய்ப் போய் வந்தது. அவள் மனதில் நியாயம் அநியாயம் எல்லாம் ஓடியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மூத்த மகன்தான் ஓடியிருப்பான். ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அது முதலில் போய் விழுவது அவன் தலையில். "நல்லா இருக்காங்கல்லா எல்லாரும்? பெறகென்ன? ஊத்துங்க மதினி, நேரம் போகுது."

பட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "தாயார் வரலாம்" என்றார், தான் முன்பே அதைத்தான் சொன்னேன் என்கிற மாதிரி.

வடிவம்மாள் நடந்து வந்தாள். ஆவுடைத்தாய் கையிலிருந்து கெண்டியை வாங்கினாள். எல்லார் கண்ணும் பார்க்க, நடுச் சபையில், குடத்தைச் சாய்த்து அதை நிறைத்தாள். கூடவே வந்த ஜாஹிரா பீவி பின்னாலிருந்து குடத்தைப் பிடித்துக்கொண்டாள். குழல்வாய்மொழியின் விரல்கள் மெல்லத் திறந்தன. மகரத்தின் வாயிலிருந்து நூல் பிடித்த மாதிரி ஒரு தாரை இறங்கி, மகளின் கையில் விழுந்து, மாப்பிள்ளை கையில் வழிந்து, கீழே வைத்திருந்த தாம்பாளத்தில் கொஞ்சமாய்த் தேங்கியது. அவ்வளவுதான். கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. பட்டர் "போதும்" என்றார்.

கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வடிவம்மாள் அந்தத் தாம்பாளத்தைப் பார்த்தாள். அதன் அடிகூட முழுசாக நனையவில்லை. நிமிர்ந்து மந்திரமூர்த்தியைப் பார்த்துக் கேட்டாள்.

"இம்புட்டுத் தண்ணிக்கா அத்தான், இத்தனை வருசமா என்னை உள்ள உக்கார வச்சீங்க?"